நின்றால் நடுங்கும் வண்டி

பார்த்தசாரதி எனக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். இரண்டு மாதச் சம்பளம் முப்பத்தாறாயிரம், மீதி வெளியூர் டிரிப்புக்கான பேட்டா. மாதம் முடிந்ததும் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம். அதைக் கடன் என்று சொல்லவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. வேலை செய்தவன் எப்படிக் கடன் கொடுத்தவன் ஆனான் என்று என் மனைவி தமிழரசி கேட்டாள்.

பார்த்தசாரதிக்குக் கூடுவாஞ்சேரியில் வீடு. வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு ஐந்து கார்களை நிறுத்தியிருக்கிறார். மறைமலைநகர் கம்பெனிகளுக்கும் படூர் பக்கத்து ஆபீஸ்களுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். ஞாயிறுகளில் மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றுவோம். ஐந்து காருக்கு ஐந்து டிரைவர்கள். அதில் நான் வயசாளி. பெயர் ஏசுபாதம். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனிக்காரன். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது என் அப்பாவோடு முடிந்தது. நான் கல்குவாரியில் ஜல்லி சுமந்தேன். சர்ச் ஹாலில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தபோது எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அதற்கப்புறம்தான் லைசென்ஸ், டிப்பர் லாரி, பிறகு இந்தக் கார்.

கார் என்றால் ஒரு வெள்ளைப் பெட்ரோல் வண்டி. நல்ல வண்டிதான். தீபாவளி கழிந்து மழை பிடித்த வாரத்தில்தான் அதற்குக் கோளாறு வந்தது. சிக்னலில் நிறுத்தினால் நடுங்கும். மேலே கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும். கதவுப் பையில் இருக்கிற தண்ணீர் பாட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மீட்டரில் முள் ஏறி ஏறி இறங்கும். ஓட ஆரம்பித்தால் நடுக்கம் குறைந்துவிடும், ஆனால் இழுக்காது. சிங்கப்பெருமாள் கோயில் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, இரண்டாவதுக்குப் போட்டால்தான் ஏறும் என்று அடம்பிடித்தது. ஏசி போட்டால் அதுவும் இல்லை. படூரில் இறங்குகிற பெண் ஒருத்தி, "அண்ணா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மாசக் கடைசியில் பார்த்தசாரதி பெட்ரோல் கணக்கு போட்டார்.

"லிட்டருக்குப் பதினாறு குடுத்த வண்டி பதினொண்ணு குடுக்குது. மீதி அஞ்ச இன்னா பண்ண, ஏசு?"

"வண்டி இழுக்கல சார். மூணாவதுல போற எடத்துல ரெண்டாவது போட்டு ஏத்தறேன். அப்போ குடிக்கத்தான செய்யும்."

"வண்டி குடிக்குதா, நீ குடிக்கறியா?"

சுற்றி மற்ற நான்கு டிரைவர்களும் இருந்தார்கள். லோகு மட்டும் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். முதலாளி சிரித்தால் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பான்.

வண்டியை முதலாளியின் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டார்கள். பிளக் மாற்றினான், காயில் மாற்றினான், டியூனிங் என்றான். பதினாலாயிரத்துச் சொச்சம் பில் போட்டான். இரண்டு நாள் வண்டி அடங்கினமாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மறைமலைநகர் கம்பெனி கேட்டில் பழையபடி உதறியது. காசு வாங்கிக்கொண்டு சரிபண்ணாதவன் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "பெட்ரோல்ல எதுவோ கலந்துகீது சார். பிளக்க பாத்தாலே தெரியுது," என்று முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான் ஏசுபாதம். அடுத்த நாள் காலை கொட்டகையில் எல்லோரும் சாவி வாங்க நிற்கும்போதே பார்த்தசாரதி அதைச் சொன்னார். திட்டவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் மோசம்.

"இத்தினி வருஷம் உன்ன டிரைவரா நெனைக்கல ஏசு. வூட்டு ஆளா நெனச்சேன். வண்டி சரியாவட்டும். எவ்ளோ எடுத்தனு தெரியட்டும். அது வரைக்கும் சம்பளம் நிக்கட்டும்."

ஒரு மாதம் நின்றது. இரண்டு மாதம் நின்றது. வேலையை விட்டுப் போகலாம். போனால் திருடிவிட்டு ஓடினான் என்பார்கள், பணமும் வராது. அதனால் நடுங்குகிற வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சிக்னலுக்குச் சிக்னல் அது உதறும்போதெல்லாம் என்னைக் காட்டிக்கொடுப்பதுபோல இருக்கும்.

தமிழரசி படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கிறாள். மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தாள். இரண்டு தவணை கட்டவில்லை. குழுப் பெண்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, "உன் வூட்டுக்காரரு பெட்ரோல் எடுத்த காசு இருக்குமே, அதுலயாவது கட்டேன்," என்று சொல்லியிருக்கிறாள். லோகுவின் மனைவிக்கு அவள் ஏதோ உறவு.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"எடுத்திருந்தா நல்லாதான் இருந்திருக்கும்னு சொன்னேன்," என்றாள் தமிழரசி. "பேரும் கெட்டு, காசும் இல்லாம, இது இன்னா பொழப்பு."

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். கடற்கரைக் கோயில், ரதம், சாப்பாடு என்று மதியம் முழுக்கச் சுற்றுவார்கள். அந்த நேரத்தில் வண்டியைப் பூஞ்சேரிக்குத் திருப்பினேன். அங்கே பூபாலன் ஷெட் இருக்கிறது. அவன் கொக்கிலமேட்டுக் குப்பத்து ஆள். படகு இஞ்சினில் கை வைத்துப் பழகி, பிறகு ரோட்டுக்கு வந்தவன். டிப்பர் ஓட்டிய காலத்துப் பழக்கம்.

"இன்னா அண்ணாத்த, வண்டி சாமியாடிகினு வருது?"

"நீயே கேளு."

"கேட்டுகினுதான கீறேன். ஆஃப் பண்ணிடாத."

சைலன்சருக்குப் பின்னால் குந்தி உள்ளங்கையை வைத்தான். "விட்டு விட்டு அடிக்குது. மூணு பேர் வேல செய்றான், ஒருத்தன் ஒக்காந்துகினு கீறான்."

"மொதல்ல பெட்ரோல பாரு பூபாலா. நான் கலந்தேனா இல்லையானு பாத்து சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ கலந்தியானு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இன்னொருத்தருக்கும் தெரியணும்."

இஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெட்ரோல் போகிற குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்தான். தினசரிக் காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டான். வாயால் ஊதினான். சொட்டு விரிந்தது, சுருங்கியது, போய்விட்டது. தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

"மண்ணெண்ண இருந்தா எண்ணக் கறை அப்டியே நிக்கும். ஒண்ணும் இல்ல பாரு. பச்ச பெட்ரோலு."

அந்தத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெறும் தாள். அதைக் காட்டினால் எவனும் எதையும் நம்பப்போவதில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

குழாயை மாட்டிவிட்டு மறுபடி இஞ்சினைப் போடச் சொன்னான். ஒவ்வொரு சிலிண்டருக்குமான காயில் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதலாவதைப் பிடுங்கினால் வண்டி இன்னும் மோசமாக உதறியது. இரண்டாவதும் நான்காவதும் அப்படித்தான். மூன்றாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை.

"இவன்தான் சோம்பேறி," என்றான். மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான். இரண்டாவது ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாவது அப்போதும் செத்தே கிடந்தது. "காயில் மேல தப்பு இல்ல. பிளக்கும் புதுசா கீது. உங்காளு மாத்துன சாமானெல்லாம் மாத்தத் தேவையே இல்லாத சாமான்."

"அப்போ?"

"நின்னா நடுங்குது, ஓடுனா அடங்குது. பில்டர் வழியா வராம, வேற எங்கயோ ஓட்ட வழியா காத்து உள்ள போவுது. ஓடும்போது நெறய காத்து போறதால அந்தத் திருட்டுக் காத்து கணக்குல வராது. நிக்கும்போது மாட்டிக்கும்."

பெட்ரோல் பாட்டிலைத் தூரமாக வெளியே வைத்துவிட்டு வந்தான். ஷெட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியைப் பிடுங்கினான்.

"இன்னாடா, என் வண்டிக்கு பூச போடறியா?"

"ஏசுவுக்கு மெழுகுவத்திதான்னா அதுவும் கீது. கம்முனு பாரு."

ஊதுவத்தியை ஒவ்வொரு ரப்பர் குழாய் பக்கத்திலும் மெதுவாகக் கொண்டுபோனான். புகை நேராக மேலே எழும்பியது. இஞ்சினுக்குப் பின்பக்கம், கை போகாத இடுக்கில் கொண்டுபோனதும் புகை வளைந்தது. யாரோ உள்ளே இருந்து பீடி இழுக்கிறமாதிரி கீழே இறங்கி உள்ளே போனது. பூபாலன் ஊதுவத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, கையை உள்ளே நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினான்.

"பல்லு," என்றான்.

"இன்னா பல்லு?"

"எலிப் பல்லு."

கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு குழாயை வெளியே எடுத்தான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அடிப்பக்கத்தில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கொறித்து வைத்திருந்தது. அதற்கு நேரே மூன்றாவது சிலிண்டர். ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அதையே மறுபடி மாட்டி, இஞ்சினைப் போடச் சொன்னான். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். மேலே கண்ணாடியில் என் முகம் ஆடாமல் நின்றது. மாதக்கணக்கில் அதை நான் அப்படிப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு விழுந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"அழுத்து," என்றான்.

அழுத்தினேன். இஞ்சின் மேலே வராமல் திணறியது.

"நடுக்கம் போச்சு. இழுக்கலைன்றது வேற நோவு. மூச்சு முட்டுது. மூக்க தெறந்து பாப்போம்."

ஏர் பில்டர் டப்பாவுக்கு நான்கு கிளிப். ஒன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது. "இத ஒரு வருஷமா எவனும் தெறக்கல," என்றான். எனக்கு முதலாளியின் மெக்கானிக் போட்ட பில் ஞாபகம் வந்தது. டேஷ்போர்டில் இருந்து எடுத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஏர் பில்டர் மாற்றியதற்கு அறுநூற்று ஐம்பது ரூபாய் போட்டிருந்தது.

மூடியைத் தூக்கினான்.

உள்ளே பொரி. டப்பா நிறையப் பொரி, பொட்டுக்கடலை, பஞ்சு, நார் நாராகக் கிழிந்த காய்ந்த வாழை இலை, செவந்திப்பூ சருகு, ஒரு துண்டு சிவப்புத் துணி. நடுவில் குழியாக ஒரு கூடு. எலி இல்லை, அதன் புழுக்கை இருந்தது. பில்டர் மூத்திரத்தில் ஊறிக் காய்ந்து அட்டைபோல இருந்தது.

பூபாலன் ஒரு பொரியை விரலால் எடுத்துப் பார்த்தான். பிறகு, "இவ்ளோ பொரி இதுக்கு யார் வாங்கிக் குடுத்தது?" என்றான்.

எனக்குத் தெரிந்திருந்தது.

ஆயுதபூஜை அன்று முதலாளியின் மனைவி சகுந்தலா அம்மா ஐந்து காருக்கும் பூஜை போட்டார்கள். பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேலேயே வாழை இலை விரித்து, பொரி, கடலை, வெல்லம், பழம் படைத்து, சிவப்புத் துணி கட்டினார்கள். வண்டிக்குப் படைத்ததை வண்டி தின்ன வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். காக்கா வந்து கலைக்கும் என்று பானெட்டை மூடச் சொன்னார்கள். மறுநாள் காலையில் அந்தந்த டிரைவர் இலையை எடுத்துவிட வேண்டும். என்னிடம் மட்டும் வேறு சொன்னார்கள்.

"ஏசு, நீ தொடாத. நாளைக்குக் குளிச்சிட்டு நானே எடுக்கறேன்."

எனக்கென்று பொரிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், என் கை தாழ இருந்தது, அவர்கள் கை மேலே இருந்தது, நடுவில் பொட்டலம் விழுந்தது.

மறுநாள் விஜயதசமி. எனக்கு விடியுமுன் டிரிப். முதலாளி வீட்டில் விளக்கு எரியவில்லை. எழுப்பிக் கேட்கிற வீடு இல்லை அது. தொட்டால் தப்பு, தொடாவிட்டால் தப்பில்லை என்று நினைத்துப் படையலோடு வண்டியை எடுத்தேன். பரனூர் தாண்டும்போது வெல்லம் கருகுகிற வாசனை வந்தது. "அண்ணா, உள்ள பொங்கல் வெக்கறீங்களா?" என்று பின்னால் கேட்டார்கள். அதற்கப்புறம் தண்ணீர் பார்க்கப் பானெட்டைத் திறந்தபோது இலை காய்ந்து ஓரமாகச் சொருகிக்கொண்டு கிடந்தது. பொரி இடுக்குகளில் இருந்தது. அம்மா எடுப்பார்கள் என்று விட்டேன். அம்மா மறந்துவிட்டார்கள். மழை வந்ததும் எலி வந்தது.

இதை எல்லாம் சொன்னேன். பூபாலன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நாங்களும்தான் படகுக்குப் படைக்கறோம். முடிஞ்சதும் அள்ளி கடல்ல போட்ருவோம். சோத்த வெச்சு மூடுனா எலி வராம இன்னா வரும்?" பிறகு என்னைப் பார்த்து, "நீயாச்சும் எடுத்துத் தூரப் போட்ருக்கலாம்," என்றான்.

"தொடாதன்னாங்க."

"ஆமா," என்றான். "சொல்லுவாங்க."

புதுக் குழாய், புது பில்டர் போட்டான். உதிரிபாகத்துக்குக் காசு வாங்கிக்கொண்டான், கூலிக்கு வாங்கவில்லை. பொரியையும் கொறித்த குழாயையும் ஒரு கேரி பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். "பத்தரமா எடுத்துக்கினு போ. இதான் உன் சம்பளம்."

திரும்பும்போது செங்கல்பட்டு ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பின்சீட்டில் குடும்பம் தூங்கிவிட்டது. சிங்கப்பெருமாள் கோயில் பாலத்தில் வேண்டுமென்றே மூன்றாவதிலேயே ஏற்றினேன். ஏறியது. நான் சத்தம் வராமல் சிரித்தேன்.

*

மறுநாள் காலையிலேயே முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று பையைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தசாரதி பேனா முனையால் பொரியைக் கிளறினார். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கினார்.

"சரியாதான் கீது," என்றார்.

சகுந்தலா அம்மா உள்ளே இருந்து வந்தார்கள். சிவப்புத் துணியைப் பார்த்தார்கள்.

"இது நான் கட்டினதுதான். ஏம்பா, அன்னிக்கே எடுத்து ஓரமா வெச்சிருக்கலாம் இல்ல? வண்டி ஓட்டறவன் நீதான?"

"நீங்கதான்மா தொடாதன்னீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்தான்," என்றார்கள். "சாமி விஷயம், ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். அதப் போயி புடிச்சிகினு." பிறகு உள்ளே போய்விட்டார்கள்.

பார்த்தசாரதி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "சாயங்காலம் கொட்டகைக்கு வா ஏசு. எல்லாரும் இருப்பாங்க. எல்லார் முன்னாடியும் உன் விஷயத்த முடிச்சிடறேன்."

எல்லார் முன்னாடியும். நான் கேட்க நினைத்ததே அதுதான். கேட்காமலே அவர் சொல்லிவிட்டார்.

"பைய இங்கயே வெச்சிட்டுப் போ," என்றார். வைத்துவிட்டுப் போனேன். அவரே எல்லோருக்கும் காட்டுவார் என்று நினைத்தேன்.

தமிழரசியிடம் சொன்னேன். அவள் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"மொதல்ல பணத்த வாங்கு. பேர அப்புறம் பாத்துக்கலாம்."

"ரெண்டும் ஒண்ணா வருது தமிழு."

"வந்தா சரி," என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

*

சாயங்காலம் ஐந்து வண்டியும் நின்றிருந்தன. லோகுவும் மற்ற மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டையைப் பார்த்து லோகு, "இன்னா அண்ணாத்த, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான். நான் வண்டியின் பக்கத்தில் போய் நின்றேன். பார்த்தசாரதி வந்தார். கையில் போன் மட்டும் இருந்தது. பை இல்லை.

"இங்க பாருங்கப்பா," என்று என் வண்டியின் பானெட் மேல் கை வைத்தார். "ஏசு கணக்க இன்னிக்கு முடிச்சிடறேன். வண்டி சரியாயிடுச்சு. இன்னா நடந்துச்சு, யார் பண்ணதுனு கெளற வேணாம். மனுஷன்னா ஒரு சமயம் சறுக்கறதுதான். ரொம்ப வருஷமா நம்மகிட்ட கீறான். குடும்பஸ்தன். ஒரு பைசா புடிக்காம முழுசா குடுத்துடறேன். இதோட வுட்ருங்க. யாரும் அவன ஒண்ணும் பேசக் கூடாது."

போனை இரண்டு தரம் தட்டினார். என் சட்டைப்பையில் போன் ஒலித்தது.

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றான் ஒருவன்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. திருடவில்லை என்று அவர் சொல்லவில்லை. திருடியதை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்த வரைக்கும் அது சந்தேகம். முழுசாகக் கொடுத்ததும் முடிவாகிவிட்டது.

"சார்," என்றேன். "எலின்னு சொல்லுங்க சார்."

"இன்னா எலி?" என்றான் லோகு.

"எலி குழாயக் கொறிச்சிட்டுது. பில்டர்ல கூடு கட்டிகினு இருந்துது. பூஞ்சேரி பூபாலன் எடுத்துக் காட்டுனான். சார்கிட்ட காலைலயே காட்டுனேன்."

நான்கு பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பெட்ரோல எலிதான் குடிச்சிதா அண்ணாத்த?" என்றான் லோகு.

சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியும் உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது எலி என்பது எனக்கே பொய்போலத்தான் பட்டது. பூபாலனின் ஷெட்டில் கையில் எடுத்துப் பார்த்த உண்மை, இந்தக் கொட்டகையில் திருடன் சொல்கிற சாக்காக ஆகிவிட்டது. சட்டை மாற்றும்போது மறக்காமல் எடுத்து வைத்திருந்த காலண்டர் தாளைச் சட்டைப்பையில் தொட்டேன். எடுக்கவில்லை.

"படையல் பொரி," என்றேன். "அம்மாதான் என்னத் தொட வேணாம்னாங்க. அதான் அது உள்ளயே கெடந்துச்சு."

சிரிப்பு நின்றது. லோகு காலால் தரையைத் தேய்த்தான். பார்த்தசாரதி பானெட்டில் இருந்து கையை எடுத்தார்.

"வூட்டுப் பொம்பளைய எதுக்கு இழுக்கற?" குரல் மெதுவாகத்தான் வந்தது. "நான் உனக்கு இன்னா கொற வெச்சேன்? குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? பணம் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

போனை எடுத்தேன். பேங்க் மெசேஜ் வந்திருந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, சைபர். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் படிக்க நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் வந்து உட்கார்ந்த குழுப் பெண்கள் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, எனக்கு அந்த அளவுக்கு வசதி இல்லை.

"வந்துச்சு சார்."

"முழுசா கீதா?"

"கீது சார்."

"அப்போ முடிஞ்சுது. நாளைக்குக் காலைல படூர் டிரிப். லேட் பண்ணாத." சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

மற்றவர்கள் எழுந்தார்கள். லோகு என் தோளில் கை போட்டான். அவனுக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

"வுடு அண்ணாத்த. யார்தான் எடுக்கல? நீ மாட்டிக்கின, அவ்ளோதான். முழுசா வந்துச்சு இல்ல, டீ வாங்கிக் குடு."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. பேசிச் சிரித்துக்கொண்டே எல்லோரும் கடந்தார்கள். நானும் கூடவே கடந்து போய் ஐந்து டீ சொன்னேன்.